மாயாவி, சாத்தன், நீலி: எல்லைப்புறத்து மாயச் சொற்களும் படக்கதை மொழிபெயர்ப்பும்

கேரள மாநிலத்தின் தென்பகுதியில் நெய்யாறு அணையை ஒட்டி அமைந்த ஊர் கள்ளிக்காடு. அங்கிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லையை அடைவர். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை வட்டமோ கேரளத்திலேயே நின்றது. மாநில எல்லை கோடாக வரையப்பட்டது. மொழி எல்லை அவ்வாறு வரையத்தக்கதாக இல்லை. கோட்டின் இருபுறத்தும் இருமொழியறிந்தோர் வாழ்கின்றனர். ஒரு மொழியைப் பேசி மற்றொன்றைப் படிப்போரும் உளர்.

இத்தகைய எல்லைப்புற மொழிநிலையை ஆராய்வோர் உறவுப்பெயர், வேளாண் சொற்கள், வினைமுற்று அமைப்பு ஆகியவற்றையே பெரிதும் எடுத்துக்கொள்வர். மாயம், மந்திரம், பேய், தெய்வம் பற்றிய சொற்கள் நாட்டார் வழக்காற்றியலுக்கு உரியன என்று ஒதுக்கப்படுகின்றன. ஆயினும் தமிழும் மலையாளமும் மிகுதியாகப் பகிர்ந்துகொள்ளும் சொற்றொகுதிகளுள் இதுவும் ஒன்று. பகிர்ந்துகொண்ட சொல்லை மொழிபெயர்க்க வேண்டுவதில்லை, எழுத்தை மாற்றினால் போதும் என்னும் எண்ணம் மொழிபெயர்ப்பாளரிடையே உண்டு. அவ்வெண்ணம் எந்த அளவு பொருந்தும் என்பதைச் சோதிக்க ஏற்ற களம் ஒன்றுண்டு. அது சிறுவர்க்குரியது எனப் புலமையுலகம் பொருட்படுத்தாத படக்கதை. சூப்பர் ஹீரோ எனப்படும் மீத்திறன் வீரர்கள் இம்மொழிகளுக்குள் வந்தபோது, அவர்களுக்குப் பெயர் வைத்தோர் மாயச் சொற்றொகுதியிலிருந்தே பலமுறை சொல்லெடுத்தனர். அப்பெயர்களுள் ஒன்று, எல்லையின் இருபுறத்தும் ஒரே வடிவில் வழங்கி, மூன்று வேறு ஆட்களைக் குறிக்கிறது.

மாயாவியர் மூவர்

அப்பெயர் மாயாவி. வடமொழியில் மாயையை உடையவன் என்பது இதன் பொருள். இராமாயணத்தில் வாலியோடு பொருத அசுரன் ஒருவனுக்கும் இதுவே பெயர். ஆகவே மரபில் இச்சொல் வீரனைவிட வஞ்சகனுக்கே உரியது. தமிழ்ப் படக்கதை அதை வீரனுக்கு ஆக்கியது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மூலம் பிரிட்டனில் 1962 முதல் 'வேலியன்ட்' வார இதழில் வந்த தொடர். ஆய்வுக்கூட உதவியாளனான லூயி கிராண்டேல் ஒரு விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொள்கிறான். மின்னதிர்ச்சி பாயும்போது அவன் உடல் கண்ணுக்குப் புலப்படாமற் போகும். எஃகுக் கை மட்டும் தெரியும்.

மூலத்தின் ஆங்கிலப் பெயர் எஃகு நகம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. மறைதல் அதில் இல்லை. தமிழ்ப் பெயரோ தெரிவதாகிய இரும்புக்கையையும் தெரியாததாகிய ஆளையும் ஒரு தொடரில் இணைத்துவிட்டது. கதையின் முழு உத்தியும் இரு சொல்லில் அடங்கியது. இங்கு மாயாவி என்பது வடமொழிப் பொருளில் வரவில்லை என்பதும் கருதத்தக்கது. கிராண்டேலிடம் மாயை இல்லை; மின்சாரமே உண்டு. தமிழில் மாயமாதல் என்பது காணாமற்போதலைக் குறிக்கும் அன்றாட வழக்கு. பணம் மாயமாயிற்று, ஆள் மாயமானான் என்பன செய்தித்தாள் நடை. பெயர் வைத்தவர் அகராதிப் பொருளை விட்டு இவ்வழக்குப் பொருளைப் பற்றினார். அதனால் அறிவியற் புனைவு ஒன்று பேய்க்கதை ஆகாமலேயே தமிழ்ப் பெயர் பெற்றது. அக்காலப் படக்கதைப் பெயர்களுள் இதனினும் செப்பமானது ஒன்றைக் காட்டுதல் அரிது.

இரண்டாம் மாயாவி லீ ஃபாக் 1936-இல் படைத்த முகமூடி வீரன். 1984 முதல் 2005 வரை வெளிவந்த ராணி காமிக்ஸ் இவ்வீரனை மாயாவி என்றே அறிமுகப்படுத்தியது. இவன் மறைவதில்லை; மாயம் செய்வதும் இல்லை. 1536-இல் கடற்கொள்ளையரிடம் தந்தையை இழந்த ஒருவன் மண்டையோட்டின்மீது சூளுரைக்கிறான். அவன் வழிவந்தோர் தலைமுறைதோறும் அதே உடையை அணிகின்றனர். காட்டு மக்களோ நானூறு ஆண்டுகளாக ஒருவனே வாழ்வதாக நம்புகின்றனர். வாசகருக்கு உண்மை தெரியும், கதைமாந்தருக்குத் தெரியாது. இக்கதையின் சுவை இவ்வேறுபாட்டில்தான் உள்ளது. மாயாவி என்னும் பெயர் கதைமாந்தரின் நம்பிக்கையை வாசகர் தலையிலும் ஏற்றிவிடுகிறது. மேலும், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு ஒரே பெயரில் இருவர் உருவாயினர். 'எந்த மாயாவி?' என்ற வினா தமிழுக்குள்ளேயே எழுந்தது.

மூன்றாம் மாயாவி மலையாளத்தவன். மலையாள மனோரமா நிறுவனத்தின் சிறுவர் இதழான பாலரமாவில் 1984-இல் தோன்றியவன். இவன் குட்டிச்சாத்தன், கொம்பும் வாலும் உடையவன். மந்திரவாதியின் குப்பிச் சிறையிலிருந்து ராஜு, ராதா என்னும் சிறுவர் இவனை விடுவித்தனர். அந்நன்றியால், அவர்கள் மந்திரம் சொல்லி அழைக்கும்போதெல்லாம் இவன் வந்து காக்கிறான். பகைவர் குட்டூசன் என்னும் மந்திரவாதி, டாகினி என்னும் சூனியக்காரி, ஈட்டியில் ஏறிப் பறக்கும் லுட்டாப்பி ஆகியோர். மலையாளத்தில் மாயுக என்பது அழிந்து மறைதலையும் மாய்க்குக என்பது அழித்தலையும் குறிக்கும் இயல்பான வினைகள். ஆதலின் மலையாளச் சிறுவர் காதில் மாயாவி என்னும் வடசொல்லும் மாயுக என்னும் நாட்டுவினையும் ஒன்றாகவே ஒலிக்கும். சொற்பிறப்பு வேறாயினும் மக்கள் உணர்வில் அவை உறவுடையன.

கள்ளிக்காடு போன்ற ஊரில் இரு மொழியும் படிக்கும் சிறுவன் ஒருவனைக் கருதிப் பார்க்கலாம். பாலரமா மாயாவியை அறிந்த அவனுக்கு முத்து காமிக்ஸ் மாயாவி எளிதில் விளங்கும். கண்ணுக்குத் தெரியாமை இருவர்க்கும் பொது. அவனைக் குழப்புவது ராணி காமிக்ஸ் மாயாவியே. அதாவது பொருள் முரண் மாநில எல்லையில் இல்லை, தமிழுக்குள்ளேயே இருக்கிறது. மொழியெல்லைகளை மட்டும் நோக்குவோர் காணத் தவறுவது இது.

வேதாளம் உயர்திணையான வகை

இம்முகமூடி வீரனுக்குத் தமிழில் வேறு பெயரும் உண்டு. முத்து காமிக்ஸ் வழியில் வேதாளன், வேதாளர் என்னும் வடிவங்கள் வழங்கின. இந்தியில் இந்திரஜால் காமிக்ஸ் வேதாள் என்றது. வங்காளத்திலோ அரண்யதேவ், அதாவது காட்டுத் தெய்வம், என்னும் பெயர் நிலைத்தது. ஒரே ஆளை ஒரு மொழி பிணத்துள் புகும் பேயாகவும் மற்றொன்று தெய்வமாகவும் கண்டது. பெயரோடு நில்லாமல் இந்திரஜால் பதிப்பு கதை நிகழும் நாட்டின் பெயரையும் டெங்காலி என்று மாற்றியது; மூலப் பெயர் வங்காளத்தை நினைவூட்டியதே காரணம் என்பர்.

தமிழில் வேதாளம் விக்கிரமாதித்தன் கதையால் அறியப்பட்டது. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா அதை மீண்டும் மீண்டும் சிறுவரிடம் கொண்டுசேர்த்தது. முறியடிக்கப்பட்டாலும் மீண்டும் முருங்கை மரம் ஏறுவது வேதாளத்தின் இயல்பு. இறந்தும் இறவாமல் தலைமுறைதோறும் திரும்பி வரும் வீரனுக்கு இப்பெயர் மாயாவியைவிடப் பொருந்துகிறது. ஆனால் ஓர் இலக்கணத் தடை உண்டு. வேதாளம் அஃறிணை, வேதாளம் வந்தது என்பதே முடிபு. நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தாலும், பேயும் பூதமும் வழக்கில் அஃறிணை முடிபே கொள்கின்றன. கதைத்தலைவன் பக்கந்தோறும் 'வந்தது, அடித்தது, சிரித்தது' என்று நடக்க முடியாது. ஆகவே -அம் நீங்கி -அன் ஏறியது. பின்னர் மதிப்புக் கருதி -அர் ஏறியது. இவ்விகுதி மாற்றத்திலேயே பேய் மனிதனாகிவிட்டது. மூலக்கதை பல பக்கங்களில் சொல்லும் உண்மையை, அதாவது இப்பேய் உண்மையில் ஒரு மனிதன் என்பதை, தமிழ் ஓர் ஈற்றால் வெளியிட்டுவிடுகிறது. இதை ஆதாயம் என்பதா இழப்பு என்பதா என்பது மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. மர்மம் ஒருபுறம் குறைகிறது. வாசகனுக்கும் கதைமாந்தருக்கும் இடையிலான அறிவு வேறுபாடு மறுபுறம் மீட்கப்படுகிறது.

மலையாளத்தில் இச்சிக்கல் எழுவதில்லை. அம்மொழியின் வினைமுற்று திணை, பால், எண் காட்டும் ஈறுகளை இழந்துவிட்டது. வந்நு என்னும் ஒரே முற்று பேய்க்கும் மனிதனுக்கும் தெய்வத்துக்கும் பொது. மலையாளக் கதாசிரியர் தம் பாத்திரம் எத்தகையது என்பதைச் சொல்லாமலே நெடுந்தொலைவு செல்லலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் முதல் வினையிலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

கண்கட்டும் மந்திரமும்

லீ ஃபாக் 1934-இல் படைத்த மாண்ட்ரேக், தமிழில் மந்திரவாதி மாண்ட்ரேக் ஆனார். நீள் தொப்பியும் மேலங்கியும் அணிந்த மேடை வித்தகரின் தோற்றம். கையசைவால் எதிரியின் மனத்தை வசப்படுத்தி இல்லாததை இருப்பதாகக் காட்டுவது அவர் திறன். துப்பாக்கி பாம்பாவது பிடித்திருப்பவன் கண்ணுக்கு மட்டுமே, பொருள் மாறுவதில்லை. இதற்கு நேரான தமிழ்ச்சொல் முன்பே உண்டு. கண்கட்டு வித்தை என்பது அது. பார்ப்பவர் கண்ணைக் கட்டுவதாகிய கருத்தை இதைவிடத் தெளிவாக வேறு சொல் தாராது. ஆயினும் அச்சொல் தெருமுனையில் செப்படி வித்தை காட்டுவோரை நினைவூட்டும். மாளிகையில் வாழும் நாயகருக்கு அது தாழ்வெனக் கருதப்பட்டது போலும்.

மந்திரவாதி என்பது உயர்வு தந்தது; ஆனால் பொருளைத் திரித்தது. மந்திரவாதி மந்திரம் சொல்பவன். மாண்ட்ரேக்கோ வாய் திறந்து எதையும் ஓதுவதில்லை. நாஞ்சில் நாட்டிலும் நெய்யாற்றின்கரைப் பகுதியிலும் மந்திரவாதி என்றால் பேய் ஓட்டுபவனும் ஏவல் வைப்பவனும் நினைவுக்கு வருவர். மலையாள மரபில் கடமற்றத்துக் கத்தனார் போன்ற புகழ்பெற்ற மாந்திரிகரும் வருவர். மேடைக் கலைஞருக்கு மலையாளம் இந்திரஜாலக்காரன் என்னும் தனிச்சொல்லை வைத்திருக்கிறது. தமிழில் இந்திரஜாலம் நூல்வழக்காக ஒதுங்கியதால் அவ்விடத்தை 'மேஜிக்' என்னும் கடன்சொல் நிரப்பிற்று.

மாண்ட்ரேக் என்னும் இயற்பெயரே மேலைநாட்டு மாந்திரிகத்தில் பேசப்படும் ஒரு செடியின் பெயர். மனித உருவை ஒத்த வேருடையது. ஆங்கில வாசகருக்குப் பெயரே தொழிலைச் சொல்லும். தமிழ் விவிலியத்தில் ஆதியாகமம் முப்பதாம் அதிகாரத்தில் இச்செடியின் கனி எபிரேயச் சொல்லின் ஒலிப்படியே தூதாயீம் எனப்பட்டுள்ளது. ஆகவே விவிலியம் அறிந்த தமிழ் வாசகரும் இரண்டையும் இணைக்க வழியில்லை. மலையாளத்தில் அப்பெயரின் போக்கு வேறானது. 1997-இல் வெளிவந்த 'ஜூனியர் மாண்ட்ரேக்' என்னும் நகைச்சுவைத் திரைப்படத்தில், வைத்திருப்போர்க்கெல்லாம் கேடு தரும் ஒரு தலைச்சிலை வருகிறது. அதன்பின் மாண்ட்ரேக் என்பது மலையாளப் பேச்சில் துரதிர்ஷ்டம் கொண்டுவருபவனைக் குறிக்கும் கேலிச்சொல்லாயிற்று. பாறசாலையில் வசையாவது களியக்காவிளையைத் தாண்டியதும் புகழுரையாகலாம்.

சாத்தனும் இடாகினியும்

மேற்கூறியவை அயல்நாட்டு வீரர்க்கு உள்நாட்டுப் பெயர் வைத்த நிகழ்வுகள். பாலரமா மாயாவி உள்நாட்டவனே ஆதலின் அவனைத் தமிழாக்குவது எளிது என்று தோன்றும். உண்மையில் கடினம் அங்கேதான் மிகுகிறது.

குட்டிச்சாத்தன் என்னும் மலையாளச் சொல் தமிழில் குட்டிச்சாத்தான். இறுதி உயிர் நீண்டது தவிர வேறுபாடில்லை. ஆனால் அந்நீட்சி பெரிய விளைவை உடையது. தமிழ் விவிலியத்தில் இறைவனின் பகைவன் பெயர் சாத்தான். மலையாள எழுத்தில் சகரமும் ஸகரமும் வேறு வேறு; நாட்டுத் தெய்வமாகிய சாத்தன் சகரத்திலும் விவிலியப் பகைவன் ஸகரத்திலும் தொடங்குவர். பார்த்தவுடன் வேறுபாடு தெரியும். தமிழில் இரண்டுக்கும் ஓரெழுத்து. மொழிமுதற் சகரம் இன்று பெரும்பாலும் ஸகரம்போல் ஒலிக்கப்படுவதால் செவியிலும் வேறுபாடில்லை. குட்டிச்சாத்தான் என்னும் தொகையில் மட்டும் சகரம் இரட்டித்துப் பழைய வல்லொலியோடு நிற்கிறது. தனித்து நிற்கும் சாத்தானும் தொகையில் நிற்கும் சாத்தானும் ஒலியால் வேறாகவே உள்ளனர். எழுத்து அதைக் காட்டுவதில்லை. கிறித்தவர் மிகுதியாக வாழும் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு பகுதிகளில் இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. சிறுவரைக் காக்கும் தோழனைச் சாத்தான் என எழுதிய கதையை எந்தப் பெற்றோர் எவ்வாறு ஏற்பர் என்பது மொழிபெயர்ப்பாளருக்கு நேரடியான கவலை.

சாத்தன் தமிழில் பழம்பெருமை உடைய பெயர். மணிமேகலை ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார். ஊர்ப்பெயர்களிலும் அது வாழ்கிறது. கொல்லம் மாவட்டத்தில் சாத்தன்னூர், தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம். பின்னதில் நிற்பவன் ஐயனாராகிய சாத்தன் எனக் கொள்வதே பொருத்தம்.

இவ்விடத்துச் சிலப்பதிகாரம் நினைவுகூரத்தக்கது. கனாத்திறம் உரைத்த காதையில் மாலதி என்பாள் மாற்றாள் குழந்தைக்குப் பால் ஊட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறக்கிறது. அவள் தெய்வக் கோட்டங்கள் பலவற்றிலும் முறையிட்டுப் பாசண்டச் சாத்தன் கோயிலில் பாடுகிடக்கிறாள். அங்கே இடாகினிப் பேய் வந்து பிணத்தை வாங்கி விழுங்கிவிடுகிறது. சாத்தன் அவள் துயர் தீர்க்கத் தானே அக்குழந்தையின் வடிவில் வழியில் கிடக்கிறான். காப்பியம் அவனை மாயக் குழவி என்று குறிக்கிறது.

சாத்தன், இடாகினி, மாயம், குழந்தை வடிவம், இடுக்கண் உற்றார்க்கு உதவுதல் ஆகிய ஐந்தும் இவ்வொரு நிகழ்ச்சியில் உள்ளன. பாலரமாத் தொடரிலும் அவை ஐந்தும் உள்ளன. காப்பியத்திலிருந்து படக்கதை பிறந்தது என்று கொள்ள வேண்டுவதில்லை. இடைப்பட்ட காலத்தில் குட்டிச்சாத்தன் வழிபாடும் மாந்திரிக நூல்களும் கேரளத்தில் தனிவழியே வளர்ந்தன. ஈண்டுக் கருதத்தக்கது சொற்களின் ஒருங்கிருப்பே. சேரநாட்டோடு தொடர்புறுத்தப்படும் ஒரு தமிழ்க் காப்பியத்தில் ஒன்றாக நின்ற சொற்கள், அந்நிலத்துச் சிறுவர் இதழில் இன்றும் ஒன்றாக நிற்கின்றன. தமிழிலோ அவை சிதறிவிட்டன. சாத்தன் விவிலியப் பெயரோடு மயங்கினான். இடாகினி உரையாசிரியர் விளக்க வேண்டிய அருஞ்சொல் ஆயிற்று.

இடாகினி என்னும் வடிவமும் கவனிக்கத்தக்கது. டகரம் தமிழில் மொழிமுதல் வாராது. அதனால் இகரம் முன்னே வந்து நின்றது. பாலரமாவின் சூனியக்காரியைத் தமிழில் எழுதுவோர் இன்று டாகினி என்றே எழுதுவர். டாக்டரும் டிக்கெட்டும் பழகிய கண்ணுக்கு அது உறுத்துவதில்லை. ஆயின் இடாகினி என்று எழுதினால் ஒரு சிறுவர் கதை காப்பியத்தோடு உறவு கொள்ளும். டாகினி என்று எழுதினால் மலையாள மூலத்தோடு மட்டுமே கொள்ளும். முன்னதை எழுதச் சற்றுத் துணிவு வேண்டும். படிக்கும் குழந்தைக்கு அது விந்தைப் பெயராகவே இருக்கும். பேயின் பெயர் விந்தையாக இருத்தல் குற்றமன்று.

சாத்தன் பெயருக்கு வேறு மொழிகள் கண்ட வழியும் உண்டு. பாலரமா மாயாவி தோன்றிய அதே 1984-இல் 'மை டியர் குட்டிச்சாத்தன்' என்னும் மலையாளத் திரைப்படம் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாக வெளிவந்தது. அது 1998-இல் இந்தியில் 'சோட்டா சேத்தன்' ஆயிற்று. சேதன் என்றால் உணர்வுடையவன். ஒலியை ஒட்டிப் பொருளை மாற்றிய தந்திரம். பேய்த்தன்மை முற்றிலும் கழுவப்பட்டது. தமிழுக்கு அத்தகைய தந்திரம் தேவையில்லை. ஆகாரத்தைக் குறுக்கிக் குட்டிச்சாத்தன் என எழுதினாலே போதும். விவிலியச் சாத்தானிடமிருந்து அவன் விலகுவான். சீத்தலைச் சாத்தனாரை நெருங்குவான். -அன் ஈறு உயர்திணை முடிபையும் தானே தரும்.

மந்திரம் தலைகீழாகும்போது

பெயரை அடுத்து நிற்பது மந்திரம். பாலரமாவில் சிறுவர் ஓங்காரத்தோடும் ஒரு பீஜ ஒலியோடும் சாத்தனை விளிக்கின்றனர். இதை மொழிபெயர்ப்பார் இல்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் மந்திரத்தை நிறைமொழி மாந்தரின் மறைமொழியாகக் கூறுகிறார்; மறைந்து நிற்பதைப் பெயர்த்தால் அது மந்திரமாகாது. தமிழ் எழுத்தில் கிரந்த எழுத்துகள் தயக்கமின்றி ஏற்கப்படும் இடமும் மந்திரமே. 1940-இல் தோன்றிய 'ஷஸாம்' என்னும் மந்திரம் ஆறு பெயர்களின் முதலெழுத்துகளால் ஆயது. தமிழில் அது வெற்றொலியாகவே நிற்கும். நிற்பதில் இழப்பும் பெரிதன்று.

அரிய சிக்கலைத் தருபவள் 1964-இல் டி.சி. நிறுவனத்தின் படக்கதையில் தோன்றிய சடான்னா. இவள் இயல்பான ஆங்கிலத்தைத் தலைகீழாகச் சொல்வாள், சொன்னது நிகழும். தமிழில் எதைத் தலைகீழாக்குவது? எழுத்தையா, ஒலியையா? 'கதவு' என்பதை எழுத்துவாரியாகத் திருப்பினால் 'வுதக'. வகரம் உகரத்தோடு மொழிமுதல் வாராது. 'திற' என்பது 'றதி' ஆகும். றகரம் மொழிமுதல் வாரவே வாராது. ஒலிவாரியாகத் திருப்பினால் முன்னது 'உவதக்', பின்னது 'அறித்'. இவை முதலெழுத்து விதியைக் காத்து இறுதியெழுத்து விதியை மீறுகின்றன. ககர தகர மெய்கள் தமிழ்ச் சொல்லின் ஈற்றில் வாரா. எவ்வகையாயினும் ஏதேனும் ஒரு விதி உடைகிறது. ஆங்கிலத்தில் இத்தகைய சொல் விளையாட்டாக ஒலிக்கும். தமிழில் அது தமிழே அல்லாததாக ஒலிக்கும். மந்திரத்துக்கு வேண்டியதும் அதுவே.

எந்த அலகைத் திருப்புவது என்பதற்குத் தமிழ் மரபே விடை தந்துள்ளது. சம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகம் முதலும் ஈறும் எப்பக்கம் படிப்பினும் ஒன்றாய் நிற்குமாறு அமைந்தது. அங்கே அலகு உயிர்மெய்யெழுத்தே. வான்மீகி 'மரா' என்பதை இடையறாது சொல்ல அது 'ராம' ஆயிற்று என்னும் வழக்குக் கதையிலும் அலகு அதுவே. திரும்பி வந்த அச்சொல்லும் தமிழ் இலக்கணப்படி இகரம் பெற்று இராம என நிற்க வேண்டியது. செபத்தில் எவரும் அவ்வாறு சொல்வதில்லை.

நீலி

2025 ஆகஸ்டில் வெளிவந்த 'லோகா: அத்தியாயம் ஒன்று, சந்திரா' என்னும் மலையாளத் திரைப்படம் படக்கதை அன்று, ஆயினும் மீத்திறன் வீரர் கதைமரபில் வந்தது. அதன் தலைவி கள்ளியங்காட்டு நீலி; சாத்தனும் அதில் ஒரு பாத்திரம். கள்ளியங்காடு நாகர்கோவிலை அடுத்தது. 1956-க்குப் பின் அது தமிழ்நாட்டில் உள்ளது. மலையாளத்தின் புகழ்பெற்ற இயக்கியின் ஊர் தமிழ்நாட்டில் இருக்க, கள்ளியைப் பெயரில் கொண்ட கள்ளிக்காடு கேரளத்தில் இருக்கிறது. இரு ஊர்களையும் ஒன்றெனக் கொள்ளல் கூடாது. ஆயினும் எல்லை வரைந்தோர் கதைகளைப் பார்த்து வரையவில்லை என்பது தெளிவு.

மலையாளத்தில் யக்ஷி அழகால் மயக்கி உயிருண்பவள். குமரி மாவட்டத்தில் அச்சொல்லே இயக்கி என்றாகி, இசக்கி எனத் திரிந்து, குழந்தையை ஏந்திய தாய்த்தெய்வத்தைக் குறிக்கிறது. முப்பந்தலில் அவள் கோயில் உள்ளது. நீலியின் தமிழ் வரலாறு இன்னும் சிக்கலானது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி ஏந்தி வந்து அவையோரை நம்பவைத்துப் பழி தீர்த்தவள் அவள். இதனால் பொய்யழுகை தமிழில் நீலிக்கண்ணீர் ஆயிற்று. அதே நீலியைச் சமணர் வேறாகக் கண்டனர். நீலகேசி என்னும் நூலில், முனிவரை அச்சுறுத்த வந்த பேய்மகள் அறம் கேட்டுத் திருந்திப் பிற சமயத்தாரை வாதில் வெல்கிறாள். அச்சம் தரும் பெண்ணைக் கதைத்தலைவியாக்குவது இன்றைய திரைப்படத்தின் கண்டுபிடிப்பன்று. தமிழ்ச் சமணர் அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்தனர். அவர்கள் அவளுக்குக் கொடுத்த மீத்திறன் தருக்கம்.

எனவே நீலி என்னும் பெயரைத் தமிழில் அப்படியே விடும் மொழிபெயர்ப்பாளர் மூன்று நீலியரையும் உடன் அழைக்கிறார். மலையாள மூலத்தில் அவள் வருகையைக் குறிக்க வந்நு என்னும் ஒரு சொல் போதும். தமிழில் வந்தது என்றால் அவள் பேய். வந்தார் என்றால் மதிப்புக்குரிய அயலார். இசக்கி கோயில் முன்றிலில் வில்லுப்பாட்டுக் கேட்போர் சொல்வது வந்தாள் என்பதே. அதில் அச்சமும் உண்டு, தாயை ஒருமையில் அழைக்கும் உரிமையும் உண்டு.